இந்த வீட்டில் ஆண்கள் இல்லை

லம்யாயின் புருஷன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மறந்துபோனதால் அல்ல. எழுதினால் உங்களில் யாராவது வாய்விட்டுப் படித்துத் தொலைப்பீர்கள், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். அவனை லம்யாய் வீட்டுக்காரன் என்றே சொல்கிறேன். பிற்பாடு அவனுக்கு வேறு பெயர் வரும், அப்போது அதைச் சொல்கிறேன்.

நான் புவாலை. சீ என்கிற ஆற்றின் கரையில் லம்யாய் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. அவள் முடி வெட்டுகிறாள். நான் கோழி சுடுகிறேன், பச்சைப் பப்பாளிக்காயை உரலில் போட்டு இடிக்கிறேன். நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் அவள் தும்மினால் இந்தப் பக்கம் நான் மூக்கைத் துடைத்துக்கொள்வேன், அவ்வளவு நெருக்கம்.

லம்யாய் சின்ன வயதில் பாங்காக்கில் ஓர் அழகு நிலையத்தில் வேலை பார்த்தவள். அங்கேதான் அவனைப் பார்த்தாளாம். மணல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். முடி வெட்ட வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிப் போனானாம். வெட்டி முடித்து, துண்டை உதறி, காதுக்குள் கத்தியும் எழுந்திருக்கவில்லை. லம்யாய்க்குத் தூக்கம் என்பதே கிடையாது. பூனை நடந்தால் விழித்துக்கொள்ளும் ஜாதி. "இவ்வளவு நிம்மதியா ஒருத்தன் தூங்குறானே, இவன் பக்கத்துல படுத்தா எனக்கும் ரெண்டு மணி நேரம் தூக்கம் ஒட்டாதான்னு பார்த்தேன்க்கா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். கல்யாணத்துக்கு இதைவிட மோசமான காரணங்களை நான் பார்த்திருக்கிறேன். என்னுடையதே ஒன்று.

அவர்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். மத்தியானம் சாப்பிட்டதும் கடைக்குப் பின்னால் தூண்மேல் நிற்கும் வீட்டுக்கடியில், தூண்களுக்கு நடுவே கிடக்கும் மூங்கில் கட்டிலில் அவன் விழுவான். அவன் குறட்டை கேட்டுத்தான் நான் அடுப்பை அணைப்பேன்.

அந்த வருஷக் கோடையில் எங்கள் ஊரில் ஆண்கள் தூக்கத்திலேயே சாக ஆரம்பித்தார்கள். முதலில் கம்சாய். மூட்டை தூக்குகிற உடம்பு, ஒரு நோய் கிடையாது. காலையில் எழுப்பப் போனால் விறைத்துக் கிடந்தான். அடுத்து அவன் தங்கை புருஷன். சாவதற்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே கனவைச் சொல்லியிருந்தார்கள். ஒரு பெண் வீட்டு ஏணியில் ஏறி வருகிறாள். மழையே இல்லாத நாளில் அவள் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. வாசலில் நின்று, "இந்த வீட்டுல ஆம்பளை இருக்கானா?" என்று கேட்கிறாள்.

யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. விதவைப் பேய். புருஷனைப் பறிகொடுத்துச் செத்தவள், துணைக்கு ஆள் தேடி வருகிறாள். எங்கள் ஈசானில், தாய்லாந்தின் இந்த வடகிழக்குப் பக்கத்தில், இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். வாசலில் சிவப்புச் சட்டை தொங்கவிட வேண்டும். 'இந்த வீட்டில் ஆண்கள் இல்லை' என்று பலகை எழுதி மாட்ட வேண்டும். ஆண்கள் நகத்தில் சிவப்புச் சாயம் பூசி, பெண்டாட்டியின் பாவாடையைக் கட்டிக்கொண்டு, பெண் பெயரோடு படுக்க வேண்டும். என் வீட்டைப் பொறுத்தவரை அந்தப் பலகை என்றைக்கோ மாட்டியிருக்க வேண்டியது.

ஊரில் நகப்பூச்சு வைத்திருந்தது லம்யாய் ஒருத்திதான். அவள் கடை வாசலில் மீசைக்காரர்கள் வரிசை கட்டி நின்றார்கள். ஊர்த்தலைவர் பத்து விரலையும் ஊதிக்கொண்டு நடந்துபோன அழகை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். என் புருஷன் தோங் வெளிர் ரோஜா நிறம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார்.

"யோவ், உன்னை எந்தப் பேய்யா கூட்டிட்டுப் போகும்? கூட்டிட்டுப் போனாலும் சாயங்காலத்துக்குள்ள திருப்பி விட்டுரும்" என்றேன்.

"பொறாமை" என்றார் அவர், விரல்களை வெயிலில் காட்டியபடி.

லம்யாய் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தன் கையையும் பிடித்து ஒரே பாடத்தைச் சொன்னாள். "பூசினா மட்டும் பத்தாதுண்ணே. கனவுல அவ வந்து கேட்டா, முதல்ல உங்க கையைப் பாருங்க. நகம் சிவப்பா தெரியும். தெரிஞ்சா, நான் பொம்பளைன்னு தைரியமா சொல்லிடுவீங்க. கையைப் பாக்க மறந்தா அவ்வளவுதான்."

தன் புருஷனுக்குக் கேசோன் என்று பெண் பெயர் வைத்தாள். முதலில் முகத்தைச் சுளித்தவன், பிறகு அந்தப் பெயரில் பாட்டே கட்டினான். ஒரு நாள் காலையில் என் கடைக்கு வந்து, ஒட்டரிசிச் சோற்றை உருட்டிக்கொண்டே, "அக்கா, நேத்து வந்துட்டா" என்றான்.

எனக்கு உலக்கை கையில் நின்றுவிட்டது.

"ஆம்பளை இருக்கானான்னு கேட்டா. கையைப் பார்த்தேன். செக்கச்செவேல்னு இருந்துச்சு. நான் கேசோன், வீட்டுல நானும் என் அக்காவும்தான்னு சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தா. 'உனக்கு இந்தப் பாவாடை பொருந்தலடி'ன்னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டா."

மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஊர் முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு ஒரு சாவு இல்லை. பேய் ஏமாந்துவிட்டது என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

எல்லோரும் காவல் இருந்தது இரவுக்கு. மத்தியானத் தூக்கத்தை யாரும் ஒரு தூக்கமாகவே நினைக்கவில்லை.

ஒரு நாள் உச்சி வெயிலில் அவன் குறட்டை பாதியில் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். மூங்கில் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். நெஞ்சு மேலே எழவில்லை. யாரோ மேலே உட்கார்ந்திருப்பதைப் போல விலா எலும்புகள் உள்ளே அமுங்கியிருந்தன. உதடு நீலம். விரல்கள் மட்டும் கட்டிலைப் பிறாண்டின.

"லம்யாய்!" என்று அலறினேன்.

கத்தரிக்கோலோடு ஓடி வந்தாள். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஊருக்கே பாடம் எடுத்தவள் அவள். பெண் பெயரைச் சொல்லித்தான் எழுப்ப வேண்டும். ஆனால் பதறியவள் வாயில் அந்தப் பெயரா வரும்? இருபது வருஷமாகக் கூப்பிட்ட பெயர்தானே வரும். அவன் அம்மா வைத்த பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினாள். ஒரு முறை அல்ல, அவன் எழும்வரை கத்தினாள்.

எழுந்துவிட்டான். மூச்சு வாங்கினான். நெஞ்சில் சட்டை நனைந்திருந்தது. ஆற்றுச் சேறு நாறியது.

"தப்பிச்சிட்டய்யா" என்று லம்யாய் அவன் தலையைக் கட்டிக்கொண்டாள்.

அவன் அவளை விலக்கினான். "அடியே, நான் கேசோன்னு சொல்லிட்டேன்டி. நம்பிட்டா. எந்திரிச்சுப் போகத்தான் காலை எடுத்தா. அப்பதான் உன் சத்தம் கேட்டுச்சு." தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அவ திரும்பி என்னைப் பார்த்துச் சிரிச்சா. நீ சொன்ன பேரை மெதுவா, மனப்பாடம் பண்றவ மாதிரி, திருப்பிச் சொன்னா."

லம்யாய் கையிலிருந்த கத்தரி கீழே விழுந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து அவன் கண்ணை மூடினால் போதும், அந்த ஈரக் கூந்தல்காரி வந்துவிடுவாள். கேள்வியெல்லாம் கிடையாது. ஏணியின் அடியில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள், அதுவும் லம்யாயின் குரலில். முதலில் ஏணியின் அடியில், பிறகு வாசலில், பிறகு கொசுவலைக்கு வெளியே. வரவர நெருங்கினாள். கனவில் தன் கையைப் பார்த்தால் நகம் வெள்ளையாக இருந்ததாம். பேர் தெரிந்தவளிடம் வேஷம் எடுபடுமா?

தூங்காமல் இருக்கப் பார்த்தான். பாட்டில் பாட்டிலாகத் தெம்பு பானம் குடித்தான். மிளகாயைக் கண்ணில் தேய்த்துக்கொண்டான். ஊரில் எவன் தூக்கம் போனாலும் இவன் தூக்கம் போகாது என்று கேலி செய்தவர்கள், இப்போது அவனைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். நின்றபடியே தூங்கி விழுந்தான். லம்யாய் அவனை உலுக்கிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கடை திறக்கவில்லை.

"நான்தானேக்கா காட்டிக் குடுத்தேன்" என்றாள் என்னிடம். "பேய்க்கு அட்ரஸ் எழுதிக் குடுத்த பொண்டாட்டி நான் ஒருத்திதான்."

"அன்னிக்கு நீ கத்தலேன்னா அன்னிக்கே போயிருப்பான்டி."

"கேசோன்னு கத்தியிருக்கலாமே."

என் வாயிலும் அவன் பெயர்தான் வந்திருக்கும்.

மறுநாள் காலையில் அவளே ஒரு முடிவோடு வந்தாள். தலை சீவி, பொட்டலமாகத் துணி மடித்து வைத்திருந்தாள். "அவளுக்குத் தெரிஞ்சது ஒரு பேரு. அந்தப் பேருக்காரன் செத்துட்டா அவ யாரைக் கூட்டிட்டுப் போவா?"

கெட்ட காலம் கழிய கோயிலில் சவப்பெட்டிக்குள் படுத்து எழுவது எங்களிடம் உண்டுதான். படுக்க வேண்டும், மேலே வெள்ளைத் துணி போர்த்துவார்கள், பிக்குகள் சாவுக்கு ஓதுவதை ஓதுவார்கள், பிறகு எழுந்து புதுப் பெயரோடு வீட்டுக்குப் போகலாம். லாட்டரி விழாதவன்கூட அதைச் செய்வான். ஆனால் லம்யாய் கேட்டது அதுவல்ல. நிஜச் சாவு மாதிரி வேண்டும் என்றாள். ஊருக்குச் சொல்லி, சோறாக்கி, ஒப்பாரி வைத்து.

பெரிய பிக்கு தயங்கினார். "அம்மா, இது விளையாட்டு இல்ல. செத்துட்டான்னு எல்லாரும் சேர்ந்து சொன்னா, அந்தச் சொல்லு எங்கயாவது போய் ஒட்டும்."

"ஒட்டட்டும் சாமி. அவரு மூச்சு இருந்தாப் போதும் எனக்கு."

இதை அவள் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். மூச்சு இருந்தால் போதும் என்றுதான் கேட்டாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

கோயில் மண்டபத்தில் பெட்டியை வைத்தார்கள். அவன் ஏறிப் படுக்கும்போதும் கிண்டல் போகவில்லை. "அடியே, கால் இடிக்குது, பெரிய சைஸ் இல்லையா?" என்றான். லம்யாய் துணியை அவன் முகத்துக்கு மேல் இழுத்துவிட்டாள். எத்தனையோ நாளாகத் தூங்காதவன். துணி முகத்தில் பட்டதுமே குறட்டை வந்துவிட்டது.

பிக்குகள் ஓதினார்கள். நாங்கள் பெண்கள் ஒப்பாரி வைத்தோம். நடிப்பாகத் தொடங்கியது, அரை நாழிகையில் நிஜ அழுகையாகிவிட்டது. அப்போது குறட்டை நின்றது.

வெள்ளைத் துணி உள்ளே இழுபட்டு இழுபட்டு அவன் வாயை மூடியது. பெட்டியின் பக்கப் பலகையில் நகம் பிறாண்டும் சத்தம். துணியில் ஈரம் படர்ந்தது, தலைப்பக்கமிருந்து கால்வரை. சேற்று நாற்றம் மண்டபம் முழுக்க ஏறியது. ஓதுகிறவர்களில் சிலர் வரியைத் தவறவிட்டார்கள், ஆனால் பெரிய பிக்கு நிறுத்தவில்லை. நிறுத்தாதீர்கள் என்று கையைக் காட்டினார்.

லம்யாய் எழுந்தாள். அவள் வாய் திறந்ததைப் பார்த்தேன். பாய்ந்து என் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினேன். அந்தப் பெயர் அவள் பல்லுக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. என் கையைக் கடித்தாள். ரத்தம் வந்தது. விடவில்லை நான்.

பெட்டிக்குள்ளிருந்து லம்யாயின் குரல் கேட்டது. லம்யாய் என் பிடியில் இருக்கிறாள், அவள் வாய் என் கைக்குள் இருக்கிறது, குரல் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது. அவன் பெயரைச் சொல்லி, கொஞ்சலாக, "இருக்கியாய்யா?" என்று கேட்டது.

எல்லா ஒப்பாரியும் நின்றுபோனது. லம்யாய் மெதுவாக என் கையை எடுத்துவிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெட்டியின் பக்கத்தில் போய் நின்று, அண்டை வீட்டுக்காரியிடம் சொல்வதைப் போலச் சொன்னாள்.

"அவரு செத்துட்டாரு தாயி. நான் அவரு பொண்டாட்டி. இந்த வீட்டுல இப்ப நான் ஒருத்திதான், உன்னை மாதிரியே."

பெட்டிக்குள்ளே ஓர் அழுகை கேட்டது. பயமுறுத்துகிற அழுகை அல்ல, சாவு வீட்டில் கேட்கிற சாதாரண அழுகை. அது பெட்டியை விட்டு, மண்டபப் படியிறங்கி, ஆற்றுப் பக்கம் போய்த் தேய்ந்தது. தரையில் ஈரக் கால்தடம் இருந்தது. திரும்பிப் போன தடங்கள் ஒருவருடையது இல்லை, இரண்டு பேருடையது என்று ஒரு பொடியன் சொன்னான். அவனை ஓர் அதட்டு அதட்டி உட்கார வைத்தார்கள். அவன் சொன்னதை நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

துணியை விலக்கினார்கள். தொப்பலாக நனைந்திருந்தான், மூச்சு சீராக வந்தது. லம்யாய் கும்பிட்டாள், சிரித்தாள், என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பெரிய பிக்கு அவனுக்குத் தவோன் என்று பெயர் வைத்தார், நிலைத்து நிற்கிறவன் என்று அர்த்தம்.

அடுத்தது என் புருஷனின் வேலை. உடம்புக்குள் குவன் என்று ஓர் ஆவி இருக்கிறது, பயந்தால் வெளியே ஓடிவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினால்தான் திரும்பி வந்து உட்காரும். ஊரில் குவன் அழைக்கிறவர் தோங்தான். ரோஜா நிற நகத்தோடு வாழையிலைக் கூம்பின் முன்னால் உட்கார்ந்து, நீட்டி முழக்கினார். "வா தவோனின் குவனே, காட்டில் இருந்தாலும் வா, ஆற்றில் இருந்தாலும் வா, ஏணி ஏறி வா!" ஆளாளுக்கு நூல் கட்டினோம். லம்யாய் கடைசியாகக் கட்டினாள். முடிச்சுப் போட்டு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவனும் அவளைப் பார்த்தான், மரியாதையாக. "ரொம்ப நன்றிக்கா" என்றான். "நீங்க எந்த ஊரு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் கிண்டல்காரன் என்று தெரியுமே. லம்யாயும் சிரித்து, "போதும்யா, எந்திரி, வீட்டுக்குப் போலாம்" என்று கையைப் பிடித்தாள். அவன் கூச்சத்தோடு கையை உருவிக்கொண்டான். அப்போதுதான் சிரிப்பு ஒவ்வொருத்தராக அடங்கியது.

தோங் அன்று மாலை வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "நான் புதுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன் புவாலை. அந்தக் குவனுக்கு அந்தப் பேரு எப்படித் தெரியும்? நாப்பத்தஞ்சு வருஷமா வேற பேருக்குல்ல அது திரும்பிப் பார்த்துச்சு."

"அப்ப பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டா வரும். பின்னாடியே யாரு வருவான்னும் உனக்குத் தெரியும்."

இதை லம்யாயிடம் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. கடிபட்ட கையில் துணி சுற்றிக்கொண்டு போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, வாசலில் இருந்த சிவப்புச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தாள். பலகையை மட்டும் விட்டுவிட்டாள். அதில் எழுதியிருந்தது இப்போது உண்மை என்றாள்.

தவோன் கோயில் தோட்டத்தில் ஒரு குடிசையில் இருக்கிறான். பழைய கதையை அவனிடம் யாரும் எடுப்பதில்லை, எடுத்தால் அந்தப் பெயரும் வாயில் வந்துவிடும். நல்ல உழைப்பாளி. கூரை மாற்றுவான், கிணறு தூர்வாருவான். பழைய கிண்டல் இல்லை. தூங்கும்போது குறட்டையும் இல்லை. ஊரில் வேறு எந்த ஆணும் அப்படிச் சாகவில்லை. நகப்பூச்சு எல்லோருக்கும் உரிந்துபோனது. தவோன் தினமும் மத்தியானம் லம்யாய் வீட்டுக்கடியில் வந்து சாப்பிடுகிறான். அவள் மீன் குழம்பு நன்றாக இருக்கிறதாம், ஊரிலேயே அவள் சமையல்தான் வாய்க்குப் பழகியது மாதிரி இருக்கிறதாம். அவன் அவளோடு குடித்தனம் நடத்த முடியாது. விதவை என்று வாயால் சொல்லித் திருப்பி அனுப்பியவள், வீட்டில் ஆண் வைத்துக்கொள்ள முடியுமா?

லம்யாய்க்கு இப்போது மத்தியானத்தில் தூக்கம் வருகிறது. நல்லாத் தூங்குறியே என்று ஒரு நாள் வாயை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் சொன்னாள். தூங்கியதும் ஏணியின் அடியில் அவன் நிற்பானாம், பழையவன், மணல் லாரிச் சட்டையோடு. பக்கத்தில் அவள், ஈரக் கூந்தலோடு. சண்டையில்லை, சத்தமில்லை. அவன் அண்ணாந்து பார்த்து, "ஒரே ஒரு தடவை கூப்பிடுடி, ஏறி வந்துடறேன்" என்பானாம்.

"நீ என்ன செய்வே?"

"வாயை மூடிக்கிட்டு உக்காந்திருப்பேன். முழிப்பு வர்ற வரைக்கும்."

"தூங்காம இருந்து தொலையேன்டி."

"அங்கயாவது அவரு என்னை அடியேன்னு கூப்பிடுறாருக்கா" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழுதேன். எனக்கென்ன வெட்கம்.

போன வாரம் தவோன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் கோழிக்கால் இரண்டு கொண்டுபோய் வைத்தேன். அவன் பலகையை நிமிர்ந்து பார்த்தான், எவ்வளவோ முறை பார்த்ததுதான். அன்றைக்கு என்ன தோன்றியதோ, "அக்கா, கேக்கணும்னு இருந்தேன். உங்க வீட்டுக்காரர் பேரு என்ன? புண்ணிய நாள்ல அவர் பேரைச் சொல்லி நானும் ரெண்டு பத்தி ஏத்துவேன்ல? உங்க சோத்தைத்தானே தின்னுறேன்" என்றான்.

லம்யாய் குழம்புச் சட்டியை வழித்துக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது. அவள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். கேட்டவன் அவன், எதிரில் உட்கார்ந்திருக்கிறான், ஒரு சொல் போதும். என் கை தன்னால் எழுந்தது, அவள் வாயைப் பொத்த.

தேவைப்படவில்லை. "மறந்துட்டேன் தவோன்" என்றாள்.

"புருஷன் பேரையா?"

"ஆமா. வருஷமாச்சுல்ல."

அவன் அவளை விநோதமாகப் பார்த்தான். கையைக் கழுவினான். நல்லவன்தான், மனதில் பட்டதை மறைக்கத் தெரியாது.

"நீங்க தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ஆனா அந்த மனுஷன் பாவம்" என்று சொல்லிவிட்டு, வெயிலில் இறங்கிக் கோயில் பக்கம் நடந்தான்.